அப்பாவுடன் வேலைக்குப் போன பையன்

2025ஆம் ஆண்டு உலகத் தொடரில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. அந்த நாட்களில் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கிற நேரத்தில் வேறு கதையே இல்லை. கிரிக்கெற்றைத் தவிர மற்றதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்கிற ஐயாமார்கூட, "இதிலை எத்தினை ஓவர், பிள்ளை?" என்று என்னிடம் விசாரித்தார்கள்.

அந்தக் கதைகளுக்கு நடுவில் வாலிபர்களில் ஒருவன் சொன்னான்: "நான் விளையாடின ஒரு மட்ச்சுக்கும் அப்பா வந்ததில்லை." சுற்றி நின்றவர்களில் மூன்று நான்கு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. வெளியே குளிர் என்று சொல்வதுபோலத்தான் அவனும் சொன்னான்.

முறைப்பாடு உண்மையானதுதான். இரவு வேலைக்குப் போய்ப் பகலில் நித்திரை கொள்கிற அப்பா, இரண்டு இடத்தில் வேலை செய்கிற அப்பா, சனிக்கிழமை ஓவர்டைமை விட முடியாத அப்பா என்று எங்கள் சபையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் தன் பிள்ளையின் விளையாட்டைப் பார்க்க வந்தாரா, வரவில்லையா என்பதை வைத்து ஓர் அப்பாவை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய வேலையைப் பார்க்க நாங்கள் எப்போதாவது போனோமா என்று யாரும் கேட்பதில்லை. பேஸ்போலில் தொடங்கிய கதை என்பதால் பேஸ்போலில் இருந்தே ஓர் அப்பாவையும் மகனையும் பற்றிச் சொல்கிறேன்.

அவருடைய பெயர் கல்வின் றிப்கின். (எங்கள் பெரியவர்களுக்கு உடனே ஞாபகம் வருகிற கல்வின் வேறு ஆள்.) மகனுக்கும் அதே பெயர்தான் என்பதால் அமெரிக்காவில் மூத்தவர், இளையவர் என்று பிரித்துச் சொல்வார்கள். மூத்தவர் மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் என்ற சிறிய ஊர்க்காரர். 1957இல் பால்ட்டிமோர் ஓரியோல்ஸ் கழகத்தில் கச்சராகச் சேர்ந்தார். பெரிய கழகங்கள் சின்னச் சின்ன ஊர்களில் பயிற்சி அணிகள் வைத்திருக்கும்; மைனர் லீக் என்று சொல்வார்கள். அங்கே சம்பளம் குறைவு. ஊருக்கு ஊர் இரவிரவாக பஸ்ஸில் போக வேண்டும். மூத்த றிப்கின் அந்த அணிகளிலேயே விளையாடினார். மேல் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1961இல் இருந்து பதினான்கு பருவம் அதே சின்ன அணிகளுக்கு மனேஜராக இருந்தார். மனேஜர் என்றால் கோட்டுப் போட்டு மேசையில் இருக்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். பையன்களுக்குப் பந்து எறிந்து பயிற்சி கொடுப்பதும் அவர்தான், தேவைப்பட்டால் பஸ் ஓட்டுவதும் அவர்தான்.

பேஸ்போல் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை நடக்கும். பிள்ளைகளுடைய ஆட்டங்களும் அதே மாதங்களில்தான். ஆகவே, வாழ்நாள் முழுக்க பேஸ்போலில் இருந்த அந்த மனிதர் தன் பிள்ளைகள் விளையாடியதைப் பார்த்தது மிகக் குறைவு. ஆட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனது தாய் வயலற். நான்கு பிள்ளைகளை வளர்த்ததன் பாரத்தில் பெரும் பங்கு அந்த அம்மாவின் தோளில்தான் இருந்தது. அப்பாமாரைப் பற்றி எழுதும்போது இந்த வரியை விட்டுவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஆக, எங்கள் மண்டபத்தில் கேட்ட அதே முறைப்பாட்டைச் சொல்ல மகன் கல்வினுக்கும் முழு உரிமை இருந்தது. அந்தப் பையன் செய்தது வேறு. அப்பா சனிக்கிழமை காலைகளில் ஊர்ச் சிறுவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தப் போவார். யார் வருகிறீர்கள் என்று வீட்டில் கேட்பார். இவன் எழும்பிப் போவான். பேஸ்போல் மேல் இருந்த ஆசையைவிட, போகும்போதும் வரும்போதும் காரில் அப்பா தனக்கு மட்டும் கிடைப்பார் என்பதற்காகவே போனேன் என்று பின்னாளில் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். கொஞ்சம் வளர்ந்ததும், பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவுடைய அணி இருக்கிற ஊருக்குப் போய், அவரோடு மைதானத்துக்கும் போகத் தொடங்கினான். அப்பா வேலை செய்கிற இடமே அவனுக்கு அப்பா இருக்கிற இடமாகிவிட்டது.

யோசேப்பை நினைத்துப் பாருங்கள். நான்கு சுவிசேஷங்களிலும் அவர் பேசிய ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. கனவு கண்டார், எழுந்தார், சொன்னபடி செய்தார், அவ்வளவுதான். ஆனால் அவருடைய தொழில் எங்களுக்குத் தெரியும். மத்தேயுவில் ஊரார் இயேசுவைத் தச்சனுடைய மகன் என்கிறார்கள். மாற்குவில் அவரையே தச்சன் என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருடங்கள், ஒரு பட்டறையில் எத்தனை நாட்கள் இருந்திருக்க வேண்டும்! பேசாத அப்பாவிடம் இருந்து அந்த மகன் எதைப் பெற்றுக்கொண்டிருந்தாலும், அதில் பாதியாவது மரத்தூளுக்கு நடுவில்தான் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். கனடாவில் நவம்பர் முதல் புதன்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் பெற்றோருடைய வேலையிடத்துக்குப் போகலாம். 1994இல் தொடங்கிய வழக்கம் இது. இதற்கென்றே ஏற்பட்டதுபோல ஒரு நாள். ஆனால் அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? வங்கியில் இருக்கிற மாமாவோடு. கணினி நிறுவனத்தில் இருக்கிற சித்தப்பாவோடு. அப்பா இறைச்சி பொதி செய்கிற இடத்தில் நிற்கிறார், ஹோட்டல் குசினியில் நிற்கிறார், பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். அங்கே போய் என்ன படிக்கப் போகிறாய் என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் அதைச் சொல்வது அப்பாதான். பிள்ளை தன்னைவிட நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறார் என்பது தெரியும். ஆனாலும் பிள்ளைக்குப் போய்ச் சேருகிற செய்தி, அப்பாவின் வேலை பார்க்கத் தகுந்ததல்ல என்பதுதான்.

என் அப்பா பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்தவர். ஒன்பதாம் வகுப்பில் நான் அவரோடுதான் போனேன். அதற்காக அவர் ஒருநாள் பகல் வேலைக்கு மாறிக்கொண்டார். வீட்டில் அவர் அதிகம் கதைக்கமாட்டார். ஊரில் ஆசிரியராக இருந்து இங்கே வந்தவர். அந்த மௌனத்துக்கு அதுதான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தலைக்கு வலையும் வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டு உள்ளே போனால், அங்கே வேறு ஓர் ஆள். பஞ்சாபிக்காரர் ஒருவரோடு அரைகுறைப் பஞ்சாபியில் பகிடி விடுகிறார். புதிதாக வந்த பையன்கள் அவரை 'ரீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். பாண் தட்டுகள் வருகிற பெல்ற்றின் சத்தம் கொஞ்சம் மாறியதும், மற்ற யாரும் கவனிக்க முதலே தலையைத் திருப்பினார். அவருக்கு அங்கே மதிப்பு இருந்தது. அது எனக்குப் பதின்நான்கு வயதிலேயே தெரிந்துவிட்டது என்பது நான் பெற்ற ஆசீர்வாதங்களில் ஒன்று.

வேலையிடத்தில் பார்க்கும் அப்பா எப்போதும் அழகாக இருப்பார் என்று சொல்ல வரவில்லை. மகன் றிப்கின் சொல்கிற ஒரு கதை உண்டு. பனி தள்ளுகிற இயந்திரம் கிளம்பவில்லை. அப்பா கைப்பிடியைப் போட்டுச் சுழற்ற, அது கழன்று வந்து அவருடைய நெற்றியைப் பிளந்துவிட்டது. எண்ணெய்த் துணியால் இரத்தத்தைத் துடைத்து, வீட்டுக்கு வந்து தானே ஒட்டுப் போட்டுக்கொண்டு, திரும்பப் போய் மிச்சப் பனியையும் தள்ளி முடித்தாராம். மகனுக்கு இது வீரக்கதை. தாதியாகிய எனக்கு வயிற்றைக் கலக்குகிற கதை. எண்ணெய்த் துணியும் திறந்த காயமும்! நெற்றியில் அடிபட்டவர் தையலுக்கும் பரிசோதனைக்கும் வைத்தியசாலைக்கு வர வேண்டும். எங்கள் அப்பாமாரும் இதே இனம்தான்: நெஞ்சு நோவோடு ஷிஃப்ற்றை முடித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிடிவாதத்தை நேசிக்கலாம், பின்பற்ற வேண்டாம்.

மகன் றிப்கினின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது இன்னொரு பிடிவாதத்தால். 1982 மே 30ஆம் திகதியில் இருந்து 1998 செப்டெம்பர் வரை 2,632 ஆட்டங்களில் ஓர் ஆட்டமும் தவறாமல் விளையாடினார். (எங்கள் தொழிலில் காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர் நோயாளிக்குக் கேடு செய்கிறார், ஆகவே இந்தச் சாதனைக்கு நான் அளவோடுதான் கைதட்டுவேன்.) அந்தத் தொடரின் நடுவில் ஒரு நாள் எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டது.

1987இல் மூத்தவர் கடைசியாக ஓரியோல்ஸ் அணியின் மனேஜர் ஆனார். முப்பது வருடம் காத்திருந்து வந்த பதவி. அந்த யூலையில் இளைய மகன் பில்லியும் அணியில் சேர, மேல் லீக்கில் ஒரே நேரத்தில் இரண்டு மகன்களுக்கு மனேஜராக இருந்த முதலாவது தகப்பன் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. செப்டெம்பர் 14ஆம் திகதி ரொறன்ரோவில், ஏரிக்கரையில் இருந்த பழைய எக்ஸிபிஷன் மைதானத்தில் ஆட்டம். புளூ ஜேஸ் அன்று பத்து ஹோம் ரன் அடித்தது. 18க்கு 3 என்று ஓரியோல்ஸ் தோற்றது. மகன் கல்வின் அதுவரை ஆட்டம் தவறாதது மட்டுமல்ல, ஒரு இன்னிங்ஸ்கூட வெளியே இருக்காமல் 8,243 இன்னிங்ஸ் தொடர்ந்து நின்றிருந்தார். எட்டாவது இன்னிங்ஸில் தகப்பன் அவரிடம் மெதுவாகக் கேட்டார், வெளியே இருக்கிறாயா என்று. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மகன் கேட்டார். இருப்பது நல்லது என்றார் தகப்பன். மகன் சரி என்று உட்கார்ந்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் தினமும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றதால், அந்தப் பாரத்தை இறக்கி வைக்க விரும்பினார் தகப்பன். வேறு எந்த மனேஜர் கேட்டிருந்தாலும் அது ஒரு சண்டையாகியிருக்கும் என்பது என் எண்ணம். சின்ன வயதில் காரில் பக்கத்தில் இருந்து பழகிய நம்பிக்கை அன்றைக்கு வேலை செய்திருக்கிறது.

அடுத்த வருடம் பருவம் தொடங்கி ஆறு ஆட்டம் தோற்றவுடன் கழகம் மூத்தவரைப் பதவியில் இருந்து நீக்கிவிட்டது. முப்பது வருட உழைப்புக்கு ஆறு ஆட்டக் கணக்கு. (அவரை அனுப்பியதால் ஒன்றும் மாறவில்லை. அந்த அணி தொடக்கத்திலேயே தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றது.) மகன்மார் இருவரும் அப்பாவை அனுப்பிய அதே அணிக்கு மறுநாளும் விளையாட வேண்டியிருந்தது. பில்லி ஒன்று செய்தார். அப்பா போட்டிருந்த 7ஆம் இலக்கத்தை வேறு யாரும் போடாதபடி, தன்னுடைய இலக்கத்தை விட்டு அதைத் தான் எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் அப்பாமாரில் எத்தனை பேருக்கு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடிதம் கொடுத்து, தொழிற்சாலையை மூடுகிறோம் என்று அனுப்பியிருப்பார்கள்? அன்று இரவு வீட்டுக்கு வந்த அப்பா எதை இழந்துவிட்டு வந்தார் என்று, அந்த இடத்தை ஒருதடவையாவது பார்த்த பிள்ளைக்குத்தான் விளங்கும். பார்க்காத பிள்ளைக்கு அது ஒரு சம்பளம் மட்டும்.

இதை நான் உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. மூச்சுக் கஷ்டத்தோடு வருகிற நோயாளியிடம் நாங்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்று, என்ன வேலை செய்தீர்கள் என்பது. சிலிக்கா தூசி, அஸ்பெஸ்ரஸ், வெல்டிங் புகை எல்லாம் சுவாசப்பையில் வருடக்கணக்கில் வேலை செய்யும். மூச்சு விடக் கஷ்டப்படுகிறவர் கதைக்க முடியாது. பக்கத்தில் நிற்கிற மகன்தான் மொழிபெயர்ப்பான். "ஃபக்றரி" என்பான். என்ன ஃபக்றரி, என்ன செய்தார், எத்தனை வருடம், முகமூடி கொடுத்தார்களா என்று கேட்டால் தகப்பனைத் திரும்பிப் பார்ப்பான். ஒருவரைக் குறித்துச் சொல்லவில்லை. பல தடவை கண்டதைச் சொல்கிறேன். அந்தப் பதில் சிகிச்சைக்கும் வேண்டும், ஒன்ராறியோவில் வேலையால் வந்த நோய்க்கு நட்டஈடு கேட்பதற்கும் வேண்டும். மூத்த றிப்கினும் சுவாசப்பைப் புற்றுநோயால்தான் 1999 மார்ச் 25ஆம் திகதி, 63 வயதில் இறந்தார். அவரும் புகைப்பவர். அப்பா புகைப்பவராக இருந்தால் வைத்தியரிடம் அதையும் ஒளிக்காதீர்கள்.

ஒருவர் இறந்த பிறகு என்ன எழுதுகிறோம் என்பதையும் பாருங்கள். எங்கள் நினைவு மலர்களில் வாழ்க்கைக் குறிப்பு என்று ஒரு பக்கம் வரும். பிறந்த ஊர், படித்த கல்லூரி, ஊரில் பார்த்த உத்தியோகம் எல்லாம் இருக்கும். பிறகு 'கனடாவுக்குப் புலம்பெயர்ந்து பிள்ளைகளை நல்ல நிலைக்கு ஆளாக்கினார்' என்று ஒரு வரி. இருபது, இருபத்தைந்து வருடம் அந்த ஒரு வரிக்குள் போய்விடும். என் அப்பாவின் மலரில் 'பத்தொன்பது வருடம் பேக்கரியில் இரவு வேலை செய்தார்' என்று எழுதினேன். உறவினர் ஒருவர் அதை எடுத்துவிட்டால் நல்லது, ஆசிரியர் என்பதே போதும் என்று சொன்னார். அந்த வரி அச்சில் வந்தது. வழிபாட்டுக்கு வந்திருந்த பேக்கரிக்காரர் ஒருவர் மலரைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைத் தன் மகளுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்தாம் கட்டளையை நாங்கள் ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்திருக்கிறோம். தகப்பனைக் கனம்பண்ணுவது என்றால் எதிர்த்துப் பேசாமல் இருப்பது என்றே பெரும்பாலும் விளங்கிக்கொள்கிறோம். தெரியாத ஒருவரை எப்படிக் கனம்பண்ணுவது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடியாலோ அடியாலோ வீட்டைப் பயமுறுத்திய அப்பாவின் பிள்ளைக்கு இந்தக் கட்டுரை எந்தக் கடமையையும் சுமத்தவில்லை. அவர்கள் போதகரிடமோ நம்பத்தகுந்த ஒரு பெரியவரிடமோ கதைக்க வேண்டும். காரில் ஏறத் தேவையில்லை. அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை: மூத்த றிப்கின் சனிக்கிழமைகளில் 'யார் வருகிறீர்கள்' என்று கேட்டார். கேட்காவிட்டால் அந்தப் பையன் படுக்கையில்தான் இருந்திருப்பான். மகளிடமும் கேளுங்கள். அம்மாமாருடைய வேலையிடமும் அதே அளவுக்குப் பார்க்கத் தகுந்தது. அதைப் பற்றி வேறு யாராவது எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.

1995 செப்டெம்பர் 6ஆம் திகதி மகன் கல்வின் 2,131ஆவது ஆட்டத்தை விளையாடி, லூ கேரிக் என்பவர் வைத்திருந்த பழைய சாதனையைத் தாண்டினார். ஆட்டம் 22 நிமிடம் நின்றுபோனது. மக்கள் கைதட்டலை நிறுத்தவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடிக் கைகொடுத்த அவர், மேலே ஓர் அறையில் நின்ற அப்பாவை அண்ணாந்து பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை, அந்தத் தூரத்தில் பேசவும் முடியாது. ஆட்டம் முடிந்து நன்றி சொல்லும்போது அப்பாவுக்கும் நன்றி சொன்னார். அவர் அந்த மகனுடைய சின்ன வயது ஆட்டங்களில் எத்தனையைப் பார்த்தார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே என் யோசனை: இந்த நவம்பரில் எங்கள் சபையின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சொந்த அப்பாவோடு, அல்லது அம்மாவோடு, போகட்டும். பாதுகாப்புக் காரணங்களால் சில தொழிற்சாலைகள் உள்ளே விடமாட்டா. அப்படியானால் வாசல் வரைக்கும் காரில் போய்வாருங்கள், அதுவும் கணக்குத்தான். உள்ளே விடுகிற பல இடங்களிலும் இரும்பு முனை வைத்த பாதுகாப்புச் சப்பாத்து கட்டாயம். ஒரு நாளுக்காக அதை வாங்குவது எல்லா வீட்டுக்கும் இயலாது என்பதால், நாலைந்து சோடி வாங்கி வைத்து மாறி மாறிப் பாவிக்கலாமா என்று வாலிபர் சங்கத்தைக் கேட்டிருக்கிறேன். யார் யார் போகிறீர்கள், கால் அளவு என்ன என்று செப்டெம்பர் முடிவதற்குள் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.